கொட்டேஷனில் கடைசி வரி

ரிச்சி தெருவுக்கு கேமிங் பிசி வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. யூடியூப் பார்த்துத் தயாரித்த பட்டியல் ஒன்று போனில் தயாராக இருக்கும். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஏறி இறங்கி, அதே பட்டியலுக்கு நாலைந்து கடைகளில் கொட்டேஷன் வாங்கிவிடுவார்கள். பேரம் அதற்குப் பிறகுதான். அந்தத் தெருவில் வெகுகாலமாக பிசி அசெம்பிள் செய்துவரும் ஒருவர், பேரம் முடிந்த தாளைப் பார்த்தே எந்தப் பாகம் திரும்பி வரும் என்று சொல்லிவிடுவார். தாளின் மேல்வரிகளில் யாரும் கை வைப்பதில்லை. புராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படும் பெயர்கள். அடியில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), மானிட்டர், யுபிஎஸ் வரிகளில்தான் ஐந்நூறு, ஆயிரம் என்று வெட்டு விழும்.

'ஏன்தான் வாங்கினோமோ' என்று சலித்துக்கொண்டு கொண்டுவந்து போடும் பாகங்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார். அவற்றில் தயாரிப்பிலேயே கோளாறான சரக்கு குறைவு. நல்ல பாகம் ஒன்று தனக்குச் சேராத இன்னொன்றோடு ஜோடி சேர்ந்ததால் வந்த வருத்தமே அதிகம். அதற்கு அடுத்தபடி, பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட ஒரே ஓர் எண்ணை நம்பி வாங்கியது.

அந்த இரண்டாவது வகைக்கு அவர் சொல்லும் முதல் பெயர் ஜிடி 730. 2014-ல் வந்த என்விடியா கார்டு. அலுவலகக் கணினியில் இரண்டாவது மானிட்டர் போடவும் வீடியோ பார்க்கவும் போதுமானது, அதற்காகத்தான் வந்தது. ஆனால் அதில் 4 ஜிபி மெமரி போட்டு விற்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ-யின் பெட்டியில் 2 ஜிபி என்றிருந்தது. மகனோடு வந்த அப்பாக்கள் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

“ரெண்டு ஜிபிக்கு எதுக்குங்க அவ்வளவு விலை? நாலு ஜிபி கம்மி விலைக்குக் கிடைக்குதே!”

“சார், தொட்டி பெருசா இருந்து என்ன பண்றது, குழாய் அரை இஞ்சுதான்” என்பார் இவர். சில அப்பாக்கள் கேட்டுக்கொண்டார்கள். பலர் பக்கத்துக் கடைக்குப் போய் நாலு ஜிபியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

குழாயின் அளவைப் பெட்டியிலேயே படிக்கலாம், எழுத்துதான் சிறியது. ஜிடி 730-இன் 64 பிட் டிடிஆர்3 வகை விநாடிக்கு 14.4 ஜிபி தரவைத்தான் மெமரியிலிருந்து எடுக்கும். 750 டிஐ-யின் 128 பிட் ஜிடிடிஆர்5 மெமரி 86.4 ஜிபி எடுக்கும், ஆறு மடங்கு. கணக்குப் போடும் கோர்களும் ஒன்றில் 384, மற்றதில் 640. பாதி மெமரி உள்ள கார்டில் ஜிடிஏ 5 வழவழவென்று ஓட, 4 ஜிபி கார்டில் தெருவைக் கடக்கும் கார் விட்டுவிட்டு நகர்ந்த காரணம் அதுதான்.

2018-இல் இதே வித்தை ஜிடி 1030-இல் நடந்தது. முந்தைய ஆண்டு ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்த கார்டு, அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு மறுபடி வந்தது. மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே விழுந்தது. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும் இந்த வரிசைதான். பழைய 8 ஜிபி கார்டில் 2 ஜிபி குறைத்தது மட்டும்தான் என்று வாங்குகிறவர் நினைப்பார். கோர்கள் 2560-லிருந்து 2304 ஆனதும், மெமரி பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாக ஒடுங்கியதும் பெயரில் தெரியாது. ஒரே ஒருமுறை நிறுவனமே பின்வாங்கியது. 2022 அக்டோபரில், ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வெவ்வேறு சிப்புகளை விற்கத் திட்டமிட்டிருந்த என்விடியா, எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜிபி கார்டை வெளியீட்டுக்கு முன்பே ரத்து செய்தது. அதே கார்டு அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது.

இவர் பில் போடும்போது 'கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி' என்று எழுதமாட்டார். மெமரி வகை, பிட் அகலம் இரண்டையும் சேர்த்து எழுதுவார். வாங்குகிறவர் அப்போதுதான் “அது என்னண்ணா?” என்று கேட்பார்.

கார்டுக்கு அடுத்து மதர்போர்டு. இதில் 2017-ஆம் ஆண்டை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். அந்த ஜனவரியில் இன்டெல்லின் ஐ7-7700கே வந்தது, கூடவே இசட்270 போர்டும். கேமிங்குக்கு அன்று அதை மிஞ்சிய புராசசர் இல்லை என்றே பேச்சு. நாலு கோர். பிறகு தேவைப்பட்டால் போர்டை வைத்துக்கொண்டு புராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் விலை கூடிய போர்டாகப் பார்த்து வாங்கினார்கள். அக்டோபரில் ஆறு கோரோடு ஐ7-8700கே வந்தது. சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151. கீழே இருக்கும் தொடுபுள்ளிகளும் அதே 1151. இசட்270 போர்டில் உட்காரும், ஆனால் ஓடாது. இசட்370 போர்டு வேண்டும். ஒன்பதே மாதத்தில் போர்டின் மேல்வழி அடைபட்டுவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் புராசசர்கள் ஏஎம்4 சாக்கெட்டோடு வந்தன. கேமில் இன்டெல்லைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடின. காசு குறைவாக இருந்த கல்லூரி மாணவர்கள் ரைசன் 5 1600-ஐயும் பி350 போர்டையும் வாங்கிப் போனார்கள். 2022-இல் அவர்களில் சிலர் மறுபடி வந்தார்கள். போர்டுக்கு புது பயாஸ் ஏற்றி, பழைய புராசசரைக் கழற்றி, ரைசன் 5000 வரிசைப் புராசசரை அதே சாக்கெட்டில் உட்கார வைத்து அனுப்பினார். ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினட் எதையும் தொடவில்லை. வாங்கிய நாளில் வேகமாக இருந்த பெட்டியைவிட, ஐந்து ஆண்டு கழித்தும் வழி திறந்திருந்த பெட்டிக்குத்தான் செலவு குறைந்தது.

ஜோடிப் பொருத்தம் தவறியதற்கு அவர் காட்டும் நல்ல உதாரணம் கொரோனா காலத்தில் பலர் சேர்த்த பெட்டி ஒன்று. கார்டுகள் கிரிப்டோ மைனிங்குக்குப் போய்க்கொண்டிருந்த 2021. கடைகளில் கார்டு கிடைத்தால் விலை அறிவித்த விலையைப்போல இரண்டு மடங்கு. அந்த ஆகஸ்டில் ரைசன் 5 5600ஜி சில்லறை விற்பனைக்கு வந்தது. உள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்ததால் தனிக் கார்டு இல்லாமல் வேலோரன்ட் ஓடும். 'இப்போதைக்கு இது, விலை இறங்கினதும் கார்டு' என்று ஏராளமானோர் வாங்கினார்கள். வாங்கியது சரிதான்.

அடுத்த ஜனவரியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வந்தது. கையில் எட்டும் விலை. மதர்போர்டோடு பேச அந்தக் கார்டுக்கு நாலே நாலு லேன். வழக்கமான கார்டுகளுக்கு எட்டோ பதினாறோ இருக்கும். பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் அந்த நாலு லேனில் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். 3.0 என்றால் சுமார் 4 ஜிபிதான். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சத்தை கணினியின் ரேமிலிருந்து அந்தப் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். 5600ஜி புராசசரோ பிசிஐஇ 3.0-ஐத் தாண்டாது. பி550 போர்டு போட்டிருந்தாலும் பயனில்லை, கார்டின் பாதை புராசசரிலிருந்து வருகிறது. இரண்டுமே தனித்தனியாகக் கோளாறில்லாத பாகங்கள். ஒரே பெட்டியில் சேர்த்தபோது கேம் நடுநடுவே திக்கியது. வந்தவர்களுக்கு கார்டை மாற்றித்தர வழியில்லை. டெக்ஸ்சர் அளவைக் குறைத்து, மெமரி 4 ஜிபிக்குள் நிற்கும்படி செட்டிங்ஸ் போட்டு அனுப்பினார்.

அதே 5600ஜி வாங்கியவர்களில் இன்னொரு கூட்டம் ஒற்றை ரேமால் கெட்டது. 'இப்ப ஒரு ஸ்டிக், அப்புறம் ஒண்ணு போட்டுக்கலாம்' என்று 8 ஜிபி ஸ்டிக் ஒன்றோடு போய்விடுவார்கள். டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2 ஜிபி. தனிக் கார்டு இருந்தால் இந்த வித்தியாசம் ஓரளவு மறையும். உள் கிராஃபிக்ஸுக்கு அந்த ரேம்தான் வீடியோ மெமரியும். பாதி பாதையை அடைத்துவிட்டு கேம் ஓடவில்லை என்றால் என்ன செய்வது? நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக்கையும் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு வருகிறவர்களும் உண்டு. மாற்றிச் செருக அரை நிமிஷம். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை பயாஸில் போடாததால் 3200 ரேம் 2400-இலோ 2133-இலோ ஓடிக்கொண்டிருப்பதும் சகஜம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் வேகத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் முகம் மாறும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை இத்தனை நாளும் பயன்படுத்தவே இல்லை.

தாளின் அடியில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். 'கேம் நடுவுல ரீஸ்டார்ட் ஆகுது, கார்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்' என்று வருகிறவர்களின் கார்டை அவர் முதலில் தொடமாட்டார். கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கர் தெரியும்படி டார்ச் அடிப்பார். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதற்குக் கீழே கட்டம்கட்டமாக 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று ஆம்பியர் கணக்கு. புராசசரும் கார்டும் தின்பது 12 வோல்ட் கட்டத்திலிருந்து. அங்கே 16 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டும் 170 வாட் கேட்கும். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்து 287. டெஸ்க்டாப்பில் பாட்டுக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. கேமில் பெரிய வெடி வெடிக்கும் காட்சியில் கார்டு மொத்தமாக இழுக்கும்போது பெட்டி அணைந்துவிடும். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். பெருக்கினால் 540 வாட்.

கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 6 முனை, 8 முனை ஒயரே இருக்காது. பழைய ஹார்ட்டிஸ்க் கனெக்டரிலிருந்து மாற்றும் ஒயர் ஒன்றை வாங்கிச் செருகியிருப்பார்கள். அந்த ஒயரைத்தான் அவர் அடுத்து விரலால் தொட்டுப் பார்ப்பார். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, முனை ஒன்று உள்வாங்கியிருந்தால் கேள்வி கேட்க வேண்டியதில்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கும்.

“80 பிளஸ் போட்டிருக்கே அண்ணா, அப்ப நல்லதுதானே?” என்று கேட்பவர்களும் உண்டு. அந்த முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு மட்டும் தரப்படுவது. சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி வெப்பத்தில். மே மாதச் சென்னையில் கண்ணாடி மூடிய கேபினட்டுக்குள் இருக்கும் சூடு வேறு. பெரிய பெயரும் முத்திரையும் இருந்து சறுக்கியதற்கு உலகறிந்த உதாரணம் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம். இரண்டும் 80 பிளஸ் கோல்டு. தட்டுப்பாட்டுக் காலத்தில் அமெரிக்காவில் இவற்றை கிராஃபிக்ஸ் கார்டோடு சேர்த்துக் கட்டி விற்றார்கள். அதிக சுமை ஏற்றிய சோதனைகளில் சில வெடித்தன. 2021 ஆகஸ்டில் குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. சுமை மீறினால் அணைக்கும் பாதுகாப்பு 120 முதல் 150 சதவீதம் வரை காத்திருந்ததை, 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்ததாகவும் சொன்னது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அடியில் யுபிஎஸ். தமிழ்நாட்டில் மணிக்கணக்கான மின்வெட்டைப் பார்த்த வீடுகளில் இது இல்லாமல் கணினி வாங்குவது அபூர்வம். கொட்டேஷனில் கண்ணை மூடிக்கொண்டு 600 விஏ என்று போட்டுவிடுவார்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். மேலே சொன்ன 287 வாட்டோடு மானிட்டர், ஃபேன், டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது எல்லாம் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். கரண்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ் 'டிக்' என்னும், கூடவே கணினியும் அணைந்துபோகும். காரணம் சுமை மட்டுமல்ல. மலிவு யுபிஎஸ்கள் பேட்டரியிலிருந்து தருவது படிப்படியாக ஏறி இறங்கும் அலை. இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அந்த அலையை ஏற்காமல் நின்றுவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. சீரான அலை தரும் சைன்வேவ் யுபிஎஸ்ஸோடு பொருத்திக் காட்டிய பிறகே சமாதானம் ஆனார்கள்.

வாங்கியவர் பக்கம் எந்தப் பிழையும் இல்லாத வருத்தமும் ஒன்று உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்கியவர்கள் கேம் தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தியைப் பார்த்தார்கள். 16 ஜிபி, 24 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி. யார் பார்த்தாலும் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். கார்டை மாற்றியும் பிழை போகவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்டுபிடித்த வழி எளியது: பயாஸில் பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் வேகத்தை இரண்டு மூன்று படி இறக்கிவிட்டு அதே கேமை ஓட்டுவது. ஓடினால் கோளாறு புராசசரில். புராசசர் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அதைச் சரிசெய்யும் மைக்ரோகோட் வந்தது, உத்தரவாதத்தையும் நிறுவனம் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சிப்பை மைக்ரோகோட் குணமாக்காது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு தனிக்கதை. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு கார்டு வைத்து அதை மைன் செய்வது நின்றது, மைனிங் கார்டுகள் சந்தையில் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை அவர் ஒதுக்குவதில்லை. அவர் பயப்படுவது பெயர் மாறிய கார்டுக்கு. ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்பதில் '2048எஸ்பி' என்ற வால் இருந்தால், உள்ளே இருப்பது 570-இன் கோர் எண்ணிக்கை. உண்மையான 580-இல் 2304 இருக்கும். அதைவிட மோசம், பழைய சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று காட்டும் போலிகள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இவற்றில் பலவற்றைப் போலி என்று காட்டிக்கொடுக்கிறது. கார்டைக் கையில் வாங்கும் முன் விற்பவர் கண்ணெதிரே அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுவார்.

மானிட்டருக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி விண்டோஸில் 60-லேயே விட்டு மாதக்கணக்கில் விளையாடியவர்கள் உண்டு. கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகி, வாங்கிய கார்டுக்கு வேலையே கொடுக்காதவர்களும் உண்டு. 4கே திரையில் 82.9 லட்சம் புள்ளிகள். 1080பி திரையில் 20.7 லட்சம். நடுத்தரக் கார்டுக்கு 4கே மானிட்டர் வாங்கினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதற்கு நாலு மடங்கு வேலை.

அவர் கொடுக்கும் கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ் வரி பேரத்துக்கு இல்லை. பட்ஜெட் இடித்தால் புராசசரில் ஒரு படி இறங்கச் சொல்வார். ஆர்ஜிபி ஃபேனையும் கண்ணாடிக் கேபினட்டையும் வெட்டுவார். 65 வாட் புராசசருக்கு லிக்விட் கூலர் கேட்டால், அந்தக் காசை இரண்டாவது ரேம் ஸ்டிக்கில் போடச் சொல்வார். இதனால் கை நழுவிய வியாபாரமும் உண்டு.

கேமிங் பிசி வாங்கக் கிளம்புகிறவர்கள் கொட்டேஷனை மேலிருந்து படிக்காமல் ஒருமுறை கீழிருந்து படியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் ஆம்பியரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் போடச் சொல்லுங்கள். உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் முதலில் கேட்பது அந்த பில்லையும் சீரியல் எண்ணையும்தான்.